எல்லோரும் கொடுத்த ஐந்துக்கு ஒன்பது

மைன்ஸ் வயர்லெஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும் வணக்கம். போன மாதம் பென்ஷன் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்க வந்த என்னை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "சார், நாங்க சொந்தமா வயர்லெஸ்ல பேச ஹாம் லைசென்ஸ் எடுத்துட்டோம். பழைய செட் ஒண்ணு கம்மி விலைக்கு வருது, வாங்கலாமா?" என்று கேட்டீர்கள். நான் "வாங்குங்க, வாங்குங்க" என்று சொல்லிவிட்டு அரியலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு உறுத்தியது. அதே மாதிரிப் பழைய செட் ஒன்றை வாங்கி எட்டு மாதம் நான் பட்ட பாட்டை மறைத்துவிட்டு உங்களுக்கு யோசனை சொன்னது நியாயமில்லை. அதுவும் டீக்குக் காசு நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே மேசையில் முப்பது வருஷத்துக்கு மேல் வாக்கி டாக்கி பழுது பார்த்தவன் நான். தினமும் என் வாயிலிருந்து இரண்டு வாக்கியங்கள் வரும். ஒன்று, "செட்டு எப்படி இருக்குன்னு ஆளைக் கேக்காதே, மீட்டரைக் கேளு." இதை நான் மேசைக்கு மேலே சுவரில் எழுதியே வைத்திருந்தேன், இன்னும் இருக்கிறது என்று சொன்னீர்கள். இரண்டாவது, சுண்ணாம்புக்கல்லுக்கு வெடி வைக்கும் நாட்களுக்கானது. "கேட்டுச்சுன்னு சொல்லாதே, என்ன கேட்டுச்சுன்னு திருப்பிச் சொல்லு." லாரி ஓட்டுநர் வயர்லெஸ்ஸில் "சரி சார்" என்று மட்டும் சொன்னால் விட மாட்டேன். எந்த ரோட்டில் வண்டி நிற்கிறது, கூட எத்தனை பேர் என்று அவர் வாயாலேயே முழுதாகச் சொல்ல வைத்த பிறகுதான் வெடிக்குக் கையசைப்பேன். இதனால் எனக்கு 'ரிப்பீட்டு சார்' என்று பட்டப்பெயர். கேலிதான் என்றாலும் எனக்கு அதில் ரகசியமாகப் பெருமை உண்டு.

நான் ஓய்வு பெற்ற அன்று நமது பிரிவில் எல்லோரும் சேர்ந்து ஒரு பரிசு கொடுத்தார்கள். நல்ல பவர் மீட்டர். ஒரு செட் எவ்வளவு பலமாகப் பேசுகிறது என்று முள் காட்டிவிடும். ஜிகினாத் தாள் சுற்றி, ரோஸ் கலர் ரிப்பன் கட்டி இருந்தது. என் மனைவி வசந்தா அதை அப்படியே கொண்டுபோய் ஷோகேசில் வைத்துவிட்டாள். ரிப்பனோடு பார்க்க அழகாக இருக்கிறது, பிரிக்க வேண்டாம் என்றாள். நானும் பிரிக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், அரும்பாவூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் ஒரு ஹாம்காரர் தன் செட்டை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். ஜப்பான் செட். தோளில் மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். புதுசு வாங்குவதென்றால் வசந்தாவின் வளையலைத்தான் கேட்க வேண்டும், அந்தத் தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பெரம்பலூரில் பஸ் மாறி அரும்பாவூர் போய் இறங்கினேன்.

மில்காரர் செட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். துண்டை விலக்கினார். பழைய பைக் வாங்குகிறவன் என்னென்ன பார்ப்பானோ அத்தனையும் பார்த்தேன். கீறல் இல்லை. திருகுகள் இறுக்கமாக இருந்தன. விளக்கு எரிந்தது. குமிழ்கள் வழுவழுவென்று சுற்றின. ஒரு துண்டுக் கம்பியைச் செருகி ஸ்விட்சைப் போட்டார். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் எல்லாம் பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோலப் பேசினார்கள்.

"நல்லா கேக்கும் சார்," என்றார் மில்காரர். "இலங்கைக்காரன், பர்மாக்காரன் எல்லாம் காதுக்குள்ள வந்து பேசுவான். நல்லா கேக்கும்."

"நாம பேசிப் பார்க்கலாமா?"

"மாடியில ஆன்டெனா காத்துல விழுந்து கெடக்கு சார். ஆன்டெனா இல்லாம பேசுனா செட்டு போயிரும்ல? உங்களுக்குத் தெரியாததா!"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். முப்பது வருஷ அனுபவக்காரனிடம் "உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டால் அவனால் அதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியாது. ஆன்டெனா இல்லாமலும் பேசிப் பார்க்க வழி உண்டு. அந்தப் பவர் மீட்டரையும் ஆன்டெனாவுக்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டினால் ஐந்தே நிமிஷம். ஆனால் மீட்டர் அரியலூரில் ரிப்பனோடு கொலுவிருந்தது. "ஆமாமா, தெரியும்" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைப் பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் "நல்லா கேக்கும்" என்றுதான் சொன்னார். நன்றாகப் பேசும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. விற்கிறவர் சொல்வதைக் கேட்பதோடு அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்றும் கவனியுங்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் இருந்த துண்டு மூட்டையைப் பார்த்துக் கண்டக்டர், "என்ன சார், கோழியா? கத்தாம வருமா?" என்று கேட்டார். "கத்தாதுங்க" என்றேன். இவ்வளவு சரியான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை, ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்து, செட்டை மேம்படுத்தும் படலம் தொடங்கியது. உள்ளே இருந்த பேட்டரி கால் மணி நேரம்தான் தாங்கியது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லேப்டாப் சர்வீஸ் பண்ணுகிற கடையில் கழித்துப் போட்ட பேட்டரிகளை வாங்கி, உள்ளே இருந்த நல்ல செல்களைப் பொறுக்கி, வசந்தாவின் டிபன் பாக்ஸில் அடைத்தேன். ஆன்டெனாவுக்கு வயரும் சவுக்குக் கம்பும். மழைக்கு உர மூட்டைப் பையைக் கழுவி ஒரு பெரிய உறை. அதை வசந்தாதான் தைத்தாள். அளவைத் தவறாகச் சொல்லிவிட்டதால் அந்த உறைக்குள் செட்டோடு சேர்த்து நானும் போகலாம் போலிருந்தது. கடைசியாக, மகனுடைய பழைய ஸ்கூல் பையிலிருந்து பட்டையை வெட்டித் தோளில் மாட்டத் தைத்தேன்.

இங்கே எங்கள் ஹாம்காரர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தினமும் காலை எட்டு மணிக்குப் பெரம்பலூர், அரியலூர், திருச்சி பக்கத்துக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவோம். ஒருவர் பேசியதும் மற்றவர்கள் அவருக்கு மார்க் போடுவார்கள். முதல் எண், பேச்சு எவ்வளவு புரிந்தது என்பதற்கு, அதிகபட்சம் ஐந்து. இரண்டாவது எண், எவ்வளவு பலமாக வந்தது என்பதற்கு, அதிகபட்சம் ஒன்பது. எல்லாம் பிரமாதம் என்றால் 'ஐந்துக்கு ஒன்பது'. இதில் வேடிக்கை என்னவென்றால், யாரும் யாருக்கும் இதற்குக் குறைத்துக் கொடுப்பதில்லை. மரியாதைக் குறைவாகிவிடுமாம். "ஐந்துக்கு ஒன்பது சார், அருமை. உங்க பேர் என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்கிற ஆட்கள் நாங்கள்.

எனக்கும் முதல் நாளே ஐந்துக்கு ஒன்பது. நான் எட்டு மணிக்கு வரப்போகிறேன் என்று முன்கூட்டியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன். அதனால் எட்டு மணிக்கு இரைச்சலுக்குள் ஏதாவது முணுமுணுத்தால் அது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பேட்டரி மாற்றினேன், ஐந்துக்கு ஒன்பது. கம்பை உயர்த்தினேன், ஐந்துக்கு ஒன்பது. எங்கள் குழுத் தலைவர் பெரம்பலூர்க்காரர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், யார் மனசும் நோகப் பேசத் தெரியாதவர். ஒரு நாள் அவரிடம், "செட்டுல ஒரு சின்ன மாற்றம் செஞ்சிருக்கேன் சார், எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "ஆகா! குரல்ல ஒரு கனம் வந்திருக்கு சார்" என்றார். நான் மாற்றியிருந்தது ஸ்கூல் பைப் பட்டை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, மாறாக அந்தப் பட்டைக்குக் கொஞ்சம் பாலிஷ் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பாடாலூரிலிருந்து ஒரு புதிய குரல் வந்தது. கலைச்செல்வி என்று பெயர். ஹைவே ஓரமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, கடை மாடியிலேயே ஆன்டெனா கட்டியிருந்தார். நான் பேசி முடித்ததும் எல்லோரும் வழக்கம்போல் ஐந்துக்கு ஒன்பது கொடுத்தார்கள். கடைசியாக அவர் வந்தார்.

"ரெண்டுக்கு ஒண்ணு சார். பாதி வார்த்தை விழுந்துருது. செட்டப் பாருங்க."

தலைவர் அவசரமாக வந்து, "அம்மா புதுசு... பழகிருவாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"உங்க ஆன்டெனாவப் பாருங்கம்மா" என்றேன்.

"மத்தவங்க எல்லாம் நல்லா வர்றாங்களே சார்," என்றார் அவர், சாதாரணமாக.

அன்றிலிருந்து அவருக்கு நான் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். எல்லோர் பெயரையும் வரிசையாகச் சொல்லி வரும்போது பாடாலூரைத் தாண்டிப் போய்விடுவேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், ஆறு மாதம் அப்படிச் செய்தேன். அவர் ஒரு நாளும் கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் கடைசியாக வந்து "ரெண்டுக்கு ஒண்ணு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சில நாள் "இன்னிக்கு ஒண்ணுக்கு ஒண்ணு சார்" என்பார்.

அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த வசந்தா ஒரு நாள் சொன்னாள். "ஏங்க, கல்யாண வூட்டுல கைகழுவுற எடத்துல நின்னுக்கிட்டு சாப்பாடு எப்படின்னு கேட்டா, எவனாவது நல்லால்லன்னு சொல்லுவானா? அந்தப் பொண்ணு ஒருத்திதான் சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்றா."

"உனக்கு ரேடியோவப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டேன். அவள் ஷோகேசைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஆவணியில் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். செல்போன் டவர் போய்விட்டால் தகவல் சொல்ல ஹாம்காரர்கள் யாராவது கரையில் இருந்தால் நல்லது என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். எங்கள் தலைவர் ஒரு கணமும் யோசிக்காமல், "நம்ம அரியலூர் சார் செட்டு ஐந்துக்கு ஒன்பது. அவரையே அனுப்புவோம்" என்றார். நான் மறுப்பேனா? டிபன் பாக்ஸ், கம்பு, வயர், உர மூட்டை உறை சகிதம் மறுநாள் காலை திருமானூருக்குக் கிழக்கே ஒரு கரையில் போய் இறங்கினேன். கூட அந்த ஊர்த் தலையாரி முருகேசன். நாற்பது வயது, எதற்கும் சிரிக்கிற ஆள். என் சுமையைப் பார்த்துவிட்டு, "கையில எடுத்துட்டுப் போற ரேடியோன்னு சொன்னாங்க, ட்ராக்டர்ல ஏத்துற மாதிரி இருக்கே சார்" என்றார்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. சிறிது நேரத்தில் செல்போனும் செத்தது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் இருந்த தரைப்பாலம் முழுகியது. பதினொரு மணிக்கு முருகேசன் கையை நீட்டிக் காட்டினார். ஆற்றுக்கு நடுவே ஒரு மணல் திட்டில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஆடுகள்.

"தங்கராசு!" என்று தலையில் அடித்துக்கொண்டார் முருகேசன். கைகளைக் குவித்துக் கத்தினார். "யோவ், நேத்தே தண்டோரா போட்டனே, காதுல விழலயா?"

"விழுந்துச்சுப்பா!" என்று ஆற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது. "தண்ணி ராத்திரிக்குத்தான் வரும்னு நெனச்சேன். புல்லு நல்லாருந்துச்சு!"

ஆடுகள் அறுபதுக்கு மேல். அவருடைய மொத்தச் சொத்தும் அவைதான் என்றார் முருகேசன். திட்டில் ஒரே ஒரு கருவேல மரம் இருந்தது. தங்கராசு தன் சிவப்புத் துண்டை அதில் முழங்கால் உயரத்தில் கட்டியிருந்தார், தண்ணீர் ஏறுவதைப் பார்க்க. தண்ணீர் மரத்தின் வேருக்கு வந்துவிட்டது. தாலுகா ஆபீசில் ரப்பர் படகு இருந்தது. ஆனால் ஆட்டுக் கொம்பும் குளம்பும் பட்டால் அது கிழிந்துவிடும். ஆட்டை விட்டுவிட்டுத் தங்கராசு வர மாட்டார் என்பதை யாரும் கேட்காமலேயே அவரே மூன்று தடவை கத்திச் சொல்லிவிட்டார். மீன்காரர்களின் மரப்படகு வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு வேண்டும். முருகேசன் வரப்புகளைச் சுற்றி நடந்து போய்ச் சொல்லி வர இரண்டு மணி நேரமாவது ஆகும். துண்டு அவ்வளவு நேரம் தாங்காது.

நான் மைக்கை எடுத்தேன். ஆள் ஒருவர், ஆடு அறுபது, மரப்படகு இரண்டு, ரப்பர் படகு வேண்டாம், தாலுகா ஆபீசுக்குச் சொல்லுங்கள் என்று நிதானமாகச் சொன்னேன். தலைவரின் குரல் பளிச்சென்று வந்தது.

"ஐந்துக்கு ஒன்பது சார்! தெளிவா இருக்கு. செய்தி கெடச்சுது. நீங்க கவலையே படாதீங்க."

நான் எழுந்து நின்று, "தங்கராசு, படகு வருது!" என்று கத்தினேன். அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். முருகேசன் பையிலிருந்து முறுக்கை எடுத்தார். இருபது நிமிஷம் நாங்கள் முறுக்குத் தின்றோம். தண்ணீர் ஒரு சாண் ஏறியது. அப்போது செட்டில் கலைச்செல்வியின் குரல் வந்தது.

"ஆத்தங்கரையில இருக்கிற சார், நான் பாடாலூர். நீங்க முன்னாடி ஏதோ பெருசா சொன்னீங்க, எனக்குப் புரியல. தலைவர் சார், உங்களுக்குப் புரிஞ்சுதா? என்ன செய்தின்னு ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அது வந்து... ஆத்துல தண்ணி நல்லாப் போவுதுன்னு சொன்னாரு. மத்தபடி எல்லாம் சௌகரியம்னு..."

முப்பது வருஷம் லாரி ஓட்டுநர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லி உயிரை வாங்கிய ரிப்பீட்டு சார், ஓர் உயிர் நிஜமாகவே கையில் இருந்த அன்று "செய்தி கெடச்சுது" என்பதைக் கேட்டுவிட்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். ஐந்துக்கு ஒன்பது என்று கேட்டுக் கேட்டு அவ்வளவு மிதப்பு. ஆற்றுக்குள் தங்கராசு இன்னும் நான் சொன்னதை நம்பிக்கொண்டு கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கில் வாயை வைத்துக் கத்தினேன்.

"கத்தாதீங்க சார், கத்துனா இன்னும் கொழகொழன்னு ஆவுது," என்றார் கலைச்செல்வி. குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "நீங்க பேச வேணாம். சீட்டி அடிங்க. சீட்டி எவ்வளவு எரைச்சல்லயும் தனியாக் கேக்கும். ஒரு சீட்டின்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல. நான் கேள்வி கேக்குறேன்."

அருமையான யோசனை. பேசும்போது செட்டின் பலம் சிதறிப் போகும், சீட்டி ஒரே கோடாகப் போய்ச் சேரும். இதில் ஒரே ஒரு சிக்கல், எனக்கு முன்பல் நான்கும் கட்டிய பல். ஊதிப் பார்த்தேன். காற்று வரவில்லை, பல் வந்தது.

"நான் அடிக்கிறேன் சார்," என்றார் முருகேசன். லைசென்ஸ் இருக்கிற நான் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அவர் இரண்டு விரலை வாயில் வைத்து, சினிமாக் கொட்டகையில் முதல் வரிசையிலிருந்து அடிக்கிற மாதிரி ஒரு சீட்டி அடித்தார்.

திட்டில் இருந்த ஆடுகள் ஒட்டுமொத்தமாக எங்கள் பக்கம் திரும்பின. முன்னால் நின்ற கிடா தண்ணீருக்குள் காலை வைத்தது.

"எவன்டா அவன் சீட்டி அடிக்கிறது!" என்று அலறினார் தங்கராசு. "நான் கூப்பிடுறேன்னு நெனச்சு ஆடு பூரா தண்ணியில எறங்குது!"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. முருகேசன்தான் உர மூட்டை உறையைப் பார்த்தார். இரண்டு பேரும் செட்டோடு அதற்குள் புகுந்து வாயை இழுத்து மூடிக்கொண்டோம். வசந்தா தைத்த தவறான அளவு எங்களுக்கு மிகச் சரியாக இருந்தது. உள்ளே யூரியா வாசனை, இருட்டு, என் காதுக்குப் பக்கத்தில் முருகேசனின் சீட்டி. அந்தக் காது இன்றுவரை கொஞ்சம் மந்தம்.

"ஆபத்தா சார்?" ஒரு சீட்டி.

"ஊருக்குள்ள தண்ணி வந்துருச்சா?" இரண்டு.

"ஆத்துக்குள்ள யாரும் மாட்டிக்கிட்டாங்களா?" ஒன்று.

"ஒரே ஆளா?" ஒன்று. "கூட மாடு ஏதும் இருக்கா?" இரண்டு. "ஆடா?" அதற்கு முருகேசன் மூன்று அடித்தார்.

"மூணுன்னா என்ன சார்?" என்றார் கலைச்செல்வி.

"என்னய்யா மூணு?" என்று நான் உறைக்குள் சீறினேன்.

"சரியா கண்டுபுடிச்சிருச்சு சார் அந்தப் பொண்ணு. சந்தோசத்துல வந்துருச்சு."

மறுபடி ஒன்று அடித்தார். ஐம்பதுக்கு மேலா என்று கேட்டார், ஒன்று. ரப்பர் படகு போதுமா என்று கேட்டார், முருகேசன் என் காது கிழிய இரண்டு அடித்தார். மரப்படகா, ஒன்று. ஒரு படகு போதுமா, இரண்டு. ரெண்டு படகா, ஒன்று. எங்கே இருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியாக அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"திருப்பிச் சொல்றேன் சார். உங்க கரைக்கு நேரா ஆத்துக்குள்ள ஒரு ஆளு, அம்பதுக்கு மேல ஆடு. ரப்பர் படகு ஆகாது. மரப்படகு ரெண்டு, ஒடனே. நான் சொன்னதுல ஏதாவது தப்பு இருக்கா?"

இரண்டு சீட்டி. அவர் செட்டை வைத்துவிட்டுப் போனை எடுத்திருப்பார். பாடாலூரில் போன் வேலை செய்தது.

முக்கால் மணி நேரத்தில் மேற்கேயிருந்து இரண்டு மரப்படகுகள் வந்தன. அந்த முக்கால் மணி நேரமும் நான் அந்தச் சிவப்புத் துண்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. படகு திட்டைத் தொட்டபோது துண்டின் நுனி நனைந்திருந்தது. நான்கு நடையில் எல்லா ஆடுகளும் கரை சேர்ந்தன. தங்கராசு கடைசிப் படகில், கடைசி ஆட்டுக்குப் பிறகு ஏறினார். கரையில் இறங்கி ஆடுகளை எண்ணிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"படகு வருதுன்னு மொதல்லயே சொன்னீங்களே சாமி. அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

செட்டை மூட்டை கட்டும் முன்பு மைக்கை எடுத்து, "எல்லாரும் கரை ஏறிட்டாங்க, நன்றி" என்றேன். தலைவரும் மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து ஐந்துக்கு ஒன்பது கொடுத்தார்கள். கடைசியில் பாடாலூர் வந்தது.

"ரெண்டுக்கு ஒண்ணு சார். செட்டப் பாருங்க."

"சரிம்மா," என்றேன். அது அவருக்குக் கேட்டிருக்காது.

வீட்டுக்குப் போனதும் ஷோகேசைத் திறந்தேன். வசந்தா ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். நமது பிரிவில் எல்லோரும் கொடுத்த மீட்டரை முதல் தடவையாக மாட்டினேன். ஐந்து வாட் காட்ட வேண்டிய முள் அரை வாட்டில் நின்றது. பேசும் பகுதியில் ஒரு டிரான்சிஸ்டர் போயிருந்தது. மில்காரர் என்றைக்கோ ஆன்டெனா இல்லாமல் பேசியிருக்கிறார். கேட்கும் பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் ஊர் உலகமெல்லாம் எனக்குக் கேட்டது. திருச்சியில் அந்த டிரான்சிஸ்டர் வாங்கி நானே மாற்றினேன். டிபன் பாக்ஸ், கம்பு, பட்டை எல்லாவற்றுக்கும் செலவழித்ததில் பாதிகூட அதற்கு ஆகவில்லை.

பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போகும் வழியில் பாடாலூரில் இறங்கி அந்த ஜெராக்ஸ் கடையைத் தேடிப் போனேன். கலைச்செல்வி ஒரு பாட்டியின் மனுவைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். பெயர், அப்பா பெயர், கதவு எண் எல்லாவற்றையும் அந்த அம்மாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பாட்டி போனதும் நான் யார் என்று சொன்னேன். ஆறு மாதம் வணக்கம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அது பரவால்ல சார்," என்றார். "எனக்கு நெசமாவே கேக்கல, அதான் சொன்னேன். இங்க ஒரு இனிஷியல் தப்பா போனா பாவம் ரெண்டு மாசம் அலையுறாங்க சார். கேக்காதத கேட்டேன்னு சொல்லிட்டா என் கடைக்கு யாரு வருவா?"

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புது டிரான்சிஸ்டரோடு வந்தேன். வாட்ஸ்அப்பில் எதுவும் போடவில்லை. தலைவர் முதல் எல்லோரும் ஐந்துக்கு ஒன்பது கொடுத்தார்கள், அரை வாட்டுக்குக் கொடுத்த அதே ஐந்துக்கு ஒன்பது. நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி ஆளுக்காகக் காத்திருந்தேன். வசந்தாவும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றாள்.

"நாலுக்கு ஏழு சார்," என்றார் கலைச்செல்வி. "இப்பத்தான் உங்க கொரலே எனக்குத் தெரியுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன். என் குறிப்பு நோட்டில் எட்டு மாதத்துக்குப் பக்கம் பக்கமாக ஐந்துக்கு ஒன்பது இருக்கிறது. சிவப்பு மையில் எழுதியது இந்த நாலுக்கு ஏழு ஒன்றைத்தான்.

ஆகவே தம்பிகளே, பழைய செட்டைத் தாராளமாக வாங்குங்கள். போகும்போது என் வீட்டுக்கு வந்து மீட்டரை எடுத்துக்கொண்டு போங்கள், ரிப்பன் இப்போது இல்லை. விற்கிறவர் "உங்களுக்குத் தெரியாததா" என்று சொன்னால், "தெரியாதுங்க" என்று சொல்லுங்கள். பட்டை, உறை, டிபன் பாக்ஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாங்கி வந்து முதல் தடவை பேசும்போது மட்டும் தயவுசெய்து என்னைக் கூப்பிடாதீர்கள். உங்கள் ஆசையைப் பார்த்தால் பழக்கதோஷத்தில் நானும் ஐந்துக்கு ஒன்பது கொடுத்துவிடுவேன். பாடாலூரைக் கூப்பிடுங்கள்.